கூற்று இல்லாத கூறுகள்

கதையின் அடிப்படைக் கூறுகளை முதலில் கற்றுக்கொள்ளுங்கள், ரசனை பிறகு தானாக வரும் என்று வாதிடுவோரின் கை இப்போது ஓங்கியிருக்கிறது. ஊருக்கு ஊர் சிறுகதைப் பட்டறைகள் நடக்கின்றன. போட்டி நடுவர்களிடம் தரப்படும் தாளில் கரு, பாத்திரம், களம், நடை, உத்தி, முடிவு என்று கட்டம் போட்டு மதிப்பெண் கேட்கிறார்கள். பரிசு அறிவிப்போடு வரும் பாராட்டுக் குறிப்பும் அந்தக் கட்டங்களின் வரிசையிலேயே நகர்கிறது: வலுவான கரு, உயிருள்ள பாத்திரங்கள், புதுமையான உத்தி. கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கு இது பழைய பாடம். 'இன்னாரின் சிறுகதைகளில் பாத்திரப்படைப்பு', 'இன்னாரின் நாவல்களில் உத்திகள்' என்ற தலைப்புகளில் அங்கே அலமாரி அலமாரியாக ஆய்வேடுகள் உண்டு. அந்த ஆய்வேடுகளைக் கேலி பேசியே வளர்ந்த சிறுபத்திரிகை மரபின் வாரிசுகள் இன்று அதே அட்டவணைக்கு வக்காலத்து வாங்குவதுதான் புதிது. வாசகனுக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா, பிடித்தது பிடிக்கவில்லை என்று எத்தனை காலம் பேசிக்கொண்டிருப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் தரும் பிடிமானம் பிடிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பிடிக்கிறது என்பது என் கட்சி.

கொடுக்க வேண்டியதை முதலிலேயே கொடுத்துவிடலாம். பொதுச் சொற்கள் இல்லாமல் விமர்சனம் நடக்காது. களம் வெறும் பின்திரையாகத் தொங்குகிறதா, கதையை நடத்துகிறதா என்று கேட்கத் தெரிந்தவர், 'அருமை' என்று தலையாட்டுகிறவரைவிட நன்றாகப் படிக்கிறார். வகுப்பில் எல்லோரும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேச இந்தச் சொற்கள் உதவுகின்றன. தேர்வுத்தாளையும் திருத்த முடிகிறது. முதல் கதை எழுதுகிறவரிடம், மூன்று பக்கத்துக்குள் எட்டுப் பேரை அடைக்காதே என்று சொல்லவும் இவை பயன்படும். இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை, ஆகவே இதில் நேரம் செலவிட வேண்டியதும் இல்லை.

அட்டவணையில் யார் இல்லை என்று பார்க்க வேண்டும். கரு இருக்கிறது, பின்னல் இருக்கிறது, பாத்திரம், பின்னணி, உரையாடல், உச்சம், முடிவு எல்லாம் இருக்கின்றன. கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. அவர் யார், எங்கே நின்று சொல்கிறார், சொல்வது அவருக்கு எப்படித் தெரியும், எதைப் பார்க்கத் தவறுகிறார், யாரைப் பார்த்துச் சொல்கிறார்? புனைகதையில் வேறு எதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலும் கேட்க வேண்டிய இந்தக் கேள்விகளுக்கு அங்கே கட்டமே கிடையாது. கிடைத்தாலும் 'உத்தி'யின் கீழ், நனவோடைக்கும் கடித வடிவத்துக்கும் நடுவில் ஒரு மூலை. இந்த விடுபடல் தற்செயலாக நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அட்டவணையின் பூர்வீகம் நாடகமேடை. அரிஸ்டாட்டில் அவலநாடகத்துக்கு ஆறு கூறுகள் வகுத்தார்: பின்னல், பாத்திரம், சிந்தனை, சொல், இசை, காட்சி. தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்று கரும்பலகையில் முக்கோணமாக வரைகிறோமே, அது 1863இல் குஸ்தாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர் ஐந்தங்க நாடகத்தை விளக்கியபோது கிடைத்த வடிவம். மேடையில் பாத்திரங்கள் நம் கண்ணெதிரே தாமாகவே பேசி நடக்கிறார்கள், நடுவில் நின்று சொல்வதற்கு ஆள் தேவையில்லை. நாடகத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைச் சிறுகதைக்கு மாட்டிவிட்டோம். நாடகத்தில் இல்லாத அந்த ஒருவருக்கு மட்டும் கை நுழைக்க இடமில்லை.

நாவலுக்கென்றே எழுதப்பட்ட நூல்களும் நம் வரையில் இந்தக் குறையைத் தீர்க்கவில்லை. பெர்சி லப்பக் 1921இல் வெளியிட்ட நூலில், யார் பார்வையிலிருந்து சொல்லப்படுகிறது என்பதையே நாவல் கலையின் மையப் பிரச்சினையாக வைத்தார். ஆறு வருடம் கழித்து இ. எம். ஃபார்ஸ்டர் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அது அத்தனை முக்கியமல்ல, சொல்வதை வாசகனை ஏற்கவைத்து இழுத்துப்போகிற வல்லமை இருந்தால் சரி என்கிற தொனியில் அதை ஒதுக்கிவிட்டார். தமிழ்ப் பாடநூல்களில் நிலைத்தவர் ஃபார்ஸ்டர். அவருடைய தட்டைப் பாத்திரமும் முழுமைப் பாத்திரமும் இன்றைக்கும் சிறுவினா. வெய்ன் பூத் 1961இல் நம்பத்தகாத கதைசொல்லியைப் பற்றி எழுதியதும், ழெரார் ழெனெத் 1972இல் பார்ப்பவரும் சொல்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கலாம் என்று பிரித்துக் காட்டியதும் நம் கோட்பாட்டாளர்களுக்குத் தெரியாதவை அல்ல. அவர்கள் அதைத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பட்டறைத் தாள் பழைய தாளாகவே இருக்கிறது.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை அந்தத் தாளில் நிரப்பிப் பார்க்கலாம். இதே பெயர்கொண்ட தொகுப்புக்குத்தான் 1970இல் சாகித்திய அகாதெமி பரிசு வழங்கப்பட்டது. தமிழ்ச் சிறுகதையின் சாதனைகளைப் பட்டியலிடுகிறவர்கள் லேசில் விட்டுவிடாத கதை. கரு: குழந்தை மனத்தின் ஏக்கம். பாத்திரங்கள்: குழந்தைகளை நேசிக்கும் ஒருவர், அக்கம்பக்கத்துக் குழந்தைகள். களம்: நகரத்து வீடு. உச்சம்: டைரியில் எழுதச் சொல்லும் இடம். உத்தி: தன்மை நோக்கு. முடிவு: எதிர்பாராதது, நெகிழ்ச்சியானது. எல்லாக் கட்டமும் நிறைந்துவிட்டது, மதிப்பெண்ணும் தாராளமாகப் போடலாம். கதைக்குள் மட்டும் இன்னும் யாரும் நுழையவில்லை. சொல்கிறவர் குழந்தைகளுக்கு நெருக்கமானவர். அவர்கள் அவருடைய அறையைத் தங்கள் அறையாக நினைத்துக்கொண்டு நுழைந்து, அவர் கொண்டுவந்திருக்கும் புத்தகங்களுக்காக அவரைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். மற்றப் பெரியவர்களைப் போலத் தான் குழந்தைகளிடம் பாசாங்கு பண்ணுவதில்லை என்ற நினைப்பு அவருக்கு உண்டு. அந்த நினைப்பு பொய்யும் அல்ல. அந்தக் களேபரத்தை அவரோடு சேர்ந்து நாமும் ரசிக்கிறோம். கூட்டத்தில் சாரங்கராஜன் என்றொரு பையனும் இருக்கிறான். வால்ட் விட்மன் புத்தகம் வேண்டும் என்று கேட்கிறான், அதெல்லாம் உனக்குப் புரியாது என்ற பதில் கிடைக்கிறது. வேறு குழந்தைகளுக்கு டைரி வருகிறது, இவனுக்கு வரவில்லை. கதைசொல்லி இதில் எதையும் ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்கிறார். சொல்கிற தோரணையில்தான், இதெல்லாம் ஒரு பொருட்டாகவே அவருக்குப் படவில்லை என்பது இருக்கிறது. படிக்கிற நமக்கும் படுவதில்லை. பிறகு அந்தப் பையன் அவரை வருந்தி வருந்தித் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், உபசரித்து, ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதச் சொல்லி, எழுத வேண்டிய வாசகத்தையும் தானே சொல்கிறான். அவரைப் போலவே நாமும் அவனைத் தாண்டித் தாண்டி இத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

இதே சம்பவங்களை எல்லாம் அறிந்த ஒருவர் படர்க்கையில் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? முதல் பக்கத்திலேயே சாரங்கராஜனின் வாடிய முகத்தைக் காட்டியிருக்கலாம், அவன் மனத்தில் ஓடுவதையும் நாலு வரி எழுதியிருக்கலாம். நாம் உடனே அவன் பக்கம் சேர்ந்து, அந்தப் பெரியவரைக் குற்றம் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடியிருப்போம். நல்ல பரிதாபக் கதையாக இருந்திருக்கும். பட்டியலில் ஒரு கட்டம்கூட மாறியிருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். கரு அதே ஏக்கம், பாத்திரங்கள் அதே ஆட்கள், களமும் உச்சமும் முடிவும் அப்படியே. 'உத்தி' என்ற கட்டத்தில் ஒரு சொல் மட்டும் மாறும். கதையோ செத்துப்போயிருக்கும். நேசிப்பவரின் நேசத்திலேயே ஒரு குருட்டுப் பகுதி இருக்கிறது என்பதை, அவருடைய சொல்லுக்குள் நம்மைக் குடிவைத்துத்தான் அழகிரிசாமி காட்ட முடிந்தது. குழந்தையின் ஏக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கதையைக் கதையாக்குவது எதுவோ அதற்கு ஒரு படிவம் பத்தில் ஒரு பங்கு மதிப்பெண் ஒதுக்குகிறது என்றால், அந்தப் படிவம் எதை அளக்கிறது?

நோக்குநிலை என்று ஒரு கூறு ஏற்கெனவே இருக்கிறதே, அதை யாரும் மறுக்கவில்லையே என்று இங்கே குறுக்கிடுவார்கள். இருக்கிறது, தன்மை, படர்க்கை என்று இரண்டாகப் பிரித்து, படர்க்கையில் முற்றறி நோக்கு, குறையறி நோக்கு என்று மேலும் பிரித்து, உதாரணத்துக்கு ஒவ்வொரு கதையின் பெயரும் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவினை வினைமுற்று விகுதியைப் பார்த்துச் செய்வது. கு.ப.ரா.வின் 'விடியுமா?' கதையும் தன்மையில் சொல்லப்பட்டதுதான். அத்திம்பேரின் உயிருக்கு ஆபத்து என்ற தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அக்காவோடு இரவு ரயிலில் சென்னைக்குப் போகிற தம்பி சொல்கிறான். அவனுக்குக் கண்ணிருக்கிறது, பாசமிருக்கிறது, அக்காவின் மனத்துக்குள் போக வழியில்லை. முகத்தையும் பேச்சையும் மௌனத்தையும் வைத்து அவன் ஊகித்துக்கொண்டே வர வேண்டும். அவன் ஊகத்தைத் தாண்டி நமக்கும் எதுவும் கிடைக்காது. அன்பளிப்பின் 'நான்' தன்னையே அறியாதவர், இந்த 'நான்' பக்கத்தில் இருப்பவளை அறிய முடியாதவன். இருவரையும் 'தன்மை நோக்கு' என்று ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டியபின் மாணவர் எதைத் தெரிந்துகொண்டார்? மறுபக்கம் தி. ஜானகிராமனின் 'பாயசம்' படர்க்கையில் இருக்கிறது. ஆனால் கிழவர் சாமநாதுவின் பொறாமை வாக்கியத்துக்கு வாக்கியம் கசிகிறது. கல்யாண வீட்டின் செழிப்பையும் அண்ணன் மகன் சுப்பராயனின் பெருமையையும் அவருடைய எரிச்சலின் வழியாகவே பார்க்கிறோம். செத்துப்போன மனைவியின் குரல்கூட அவர் தலைக்குள்ளிருந்துதான் கேட்கிறது. பாயசத் தவலையைக் கவிழ்த்துவிட்டு, எலி விழுந்துகிடந்தது என்று அவர் கூசாமல் சொல்லும்போது நாம் எட்ட நின்று தீர்ப்புச் சொல்ல முடியாமல் போவதற்குக் காரணம், அந்தக் கிழவருக்குள் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்ததுதான். பல தன்மைக் கதைகளைவிட இந்தப் படர்க்கைக் கதை ஆளுக்கு அருகில் இருக்கிறது. விகுதியைப் பார்ப்பவர்களுக்கு இது தெரியப் போவதில்லை.

உத்தி என்ற சொல்லின் கீழ் சொல்பவரைத் தள்ளியதால் வந்த இன்னொரு கேடு, அவரை அலங்காரமாகப் பார்க்கும் பழக்கம். வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வெளிவந்தது. அது முதல் தமிழ்ச் சிறுகதையா, தாகூர் கதையின் சாயலா என்ற வழக்கு தீராமல் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி வகுப்பில் சொல்லப்படுவது, மரம் கதை சொல்வதாக அமைத்திருப்பது புதுமையான உத்தி என்ற ஒற்றை வரி. மரம் பேசுவதில் என்ன புதுமை? பஞ்சதந்திரத்தில் நரியும் காக்கையும் பேசிப் பேசிக் களைத்துவிட்டன. ஐயர் ஏன் மரத்தைப் பிடித்தார் என்று கேட்டால்தான் விஷயத்துக்கு வர முடியும். மரத்தால் நகர முடியாது. தன்னடியில் நடந்ததை மட்டும் அது பார்க்கும், தன்னடியில் பேசியதை மட்டும் கேட்கும். ருக்மிணியின் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது குளத்தங்கரைக்கு வருகிற பெண்களின் பேச்சு வழியாகத்தான் அதற்குத் தெரியவருகிறது. அவள் கணவன் நாகராஜன் இரண்டாம் கல்யாணத்துக்குச் சம்மதிப்பதுபோல நடிக்கிறான் என்ற ரகசியம், அவன் நண்பனிடம் அங்கே வந்து பேசியதால் தெரிந்துவிடுகிறது. ருக்மிணிக்குத் தெரியாத அந்தச் செய்தியைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அவளிடம் சொல்ல வாயில்லாமல், அவள் குளத்தில் விழுந்து சாவதைத் தடுக்க முடியாமல் மரம் நிற்கிறது. தெரிந்தும் சொல்ல முடியாத சாட்சி என்ற நிலைதான் அந்தக் கதையின் துயரம். இதை உத்தி என்று எழுதி அடிக்கோடிடுவது, கதையின் எலும்பை எடுத்து நகைப்பெட்டியில் வைக்கிற வேலை.

இன்னும் ஒரு சான்று நம் மொழியிலேயே ஒரு பரிசோதனைபோல நடந்திருக்கிறது. ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழை மாலை, பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் கல்லூரி மாணவி, பெரிய கார், வீட்டுக்குத் திரும்பியதும் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லும் தாய். அன்று எழுந்த சண்டை முழுவதும் அந்தத் தாய் செய்தது தகுமா என்பதைப் பற்றியது, அதாவது கருவைப் பற்றியது. பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அவர் அதே மாலையைத் திரும்ப எடுத்தார். அதில் தாய் கத்தி ஊரைக் கூட்டிவிடுகிறாள், பெண்ணின் வாழ்க்கை வேறு திசையில் போகிறது. 1972க்கான சாகித்திய அகாதெமி பரிசு இந்த நாவலுக்கு. அட்டவணைக்காரர்கள் இரண்டையும் ஒப்பிட்டு, முடிவு மாற்றப்பட்டிருக்கிறது, பாத்திரங்கள் விரித்துரைக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதினால் அவர்கள் வரையில் அது சரி. நடந்த பெரிய மாற்றம் வேறு. சிறுகதையில் அவளுக்குப் பெயரே இல்லை, அவளையும் தாயையும் மாறி மாறி உள்ளும் புறமும் பார்க்க உரிமை பெற்ற ஒருவர் சொன்னார். தாயின் மனத்துக்குள் நம்மைக் கூட்டிப்போனதால்தான் அந்த மன்னிப்பு நமக்குச் சாத்தியமாகத் தெரிந்தது. நாவலில் அவள் கங்கா, தன் கதையைத் தானே சொல்கிறாள். நாவலுக்குள்ளே ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக அந்தப் பழைய சிறுகதை வருகிறது, கங்கா அதைப் படிக்கிறாள். நம்மிடம் நடந்ததாகச் சொல்லப்பட்டது, இன்னொருவர் தன் விருப்பத்துக்கு எழுதிக்கொண்டதாக ஆகிவிடுகிறது. யார் சொன்னால் எந்தத் தாய் கிடைக்கிறாள் என்பதை ஜெயகாந்தனே இத்தனை வெளிப்படையாகப் போட்டுக் காட்டிய பிறகும், நம் விவாதம் கற்பைச் சுற்றியே நின்றது. ஜெயகாந்தன் மேடைப் பேச்சாளர், கருத்துக்காரர், தொழில்நுட்பம் தெரியாதவர் என்ற பெயரையும் அவருக்கே வாங்கிக் கொடுத்தோம்.

சொல்பவரை அட்டவணையிலிருந்து நீக்கினால் அவர் பேசியதெல்லாம் யார் கணக்கில் ஏறும்? எழுதியவர் கணக்கில். 'கரு' என்ற கட்டம் வகுப்பறையில் மெல்ல 'ஆசிரியர் கூறும் கருத்து' ஆகிவிடுவது இப்படித்தான். புதுமைப்பித்தனின் 'பொன்னகர'த்தின் கடைசியில் சொல்பவர் சட்டென்று வாசகர் பக்கம் திரும்பி, கற்பு பற்றி அளந்துகொண்டிருப்பவர்களைக் குத்துகிறார். அதை ஆசிரியரின் சமூகக் கோபம் என்று எடுத்து எழுதி முழு மதிப்பெண் வாங்கலாம். ஆனால் கதை முழுவதும் அந்தக் குரல் ஒரு நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறவனின் இளக்காரத்தோடு வந்தது. பொன்னகரத்தின் சந்துகளைப் பற்றி அது செய்த கிண்டலை நாமும் சிரித்துக்கொண்டுதான் கேட்டோம். அம்மாளு என்ற பெண் இருட்டுக்குள் போய்த் திரும்பும்போது அந்தக் கிண்டலில் பங்குபோட்டவர்களின் முகத்தில்தான் கடைசி வரி விழுகிறது. வாசகரை முதலில் கூட்டாளியாக்காமல் அந்த அடி விழுந்திருக்காது. இதைப் பார்க்கப் பழக்காத ஒரு சமூகம், கதையில் ஒரு பாத்திரமோ ஒரு குரலோ சொல்வதை எழுத்தாளரின் வாக்குமூலமாக வாசிப்பதில் வியப்பில்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பி, அடுத்த மாதமே அவர் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவித்து, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது வரை நடந்தது தெரிந்ததே. பக்கங்களை நகலெடுத்து, வாக்கியங்களைக் கோடிட்டு, ஆசிரியர் எங்கள் ஊர்ப் பெண்களை இப்படிச் சொல்கிறார் என்று பரப்பினார்கள். கதையின் கணவன் காளியின் சந்தேகமும் மனைவி பொன்னாவின் தவிப்பும் யாருடைய நெஞ்சிலிருந்து வருகின்றன என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கலவரத்துக்குச் சாதி அரசியல்தான் முதல் காரணம், பாடத்திட்டம் அல்ல என்பார்கள், சரிதான். கோடிட்ட வாக்கியத்தைக் கையில் வாங்கியபோது, இதை யார் சொல்வது என்று திருப்பிக் கேட்கப் படித்தவர்கள்கூட இல்லாமல் போனதற்கு வேறு காரணம் தேட எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக, பிடிவாதமாகச் சொல்லப்படுகிற சமாதானம் ஒன்று உண்டு: இதெல்லாம் மேல்வகுப்புப் பாடம், தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குக் கருவும் பாத்திரமும்தான் எட்டும். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. கரு என்பது கதையைப் படித்து முடித்தபின் உருவி எடுக்கிற கருத்துப்பொருள். சின்னப் பிள்ளைகளுக்குக் கடினமானது அதுதான். உனக்கு யார் சொன்னது, நீ பார்த்தாயா, அவன் பொய் சொல்கிறான் என்பவை பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்பே பிள்ளைகள் கேட்கிற, சொல்கிற விஷயங்கள். தெருச்சண்டையின் கதையை இரண்டு பேர் வந்து இரண்டு விதமாகச் சொன்னால் அதைச் சலித்துப் பார்க்கிற அறிவு எல்லோரிடமும் இருக்கிறது. வகுப்பு அந்த அறிவை வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறது. நம் பழைய இலக்கணமும் தொடக்கத்திலேயே இதைக் கேட்டிருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் தருகிற முப்பத்துநான்கு உறுப்புகளில் கூற்று ஒன்று, கேட்போர் ஒன்று. களனும் காலமும் அவற்றுக்கு அடுத்து வருகின்றன. இன்னார் இன்னாரிடம் இதைச் சொல்வது தகும் என்று உய்த்துணரவைக்கும் முன்னமும் தனி உறுப்பு. குறுந்தொகைப் பாட்டு ஒவ்வொன்றின் கீழும் தோழி சொன்னதா, தலைவி சொன்னதா, யாருக்குச் சொன்னது, எந்தச் சமயத்தில் என்று தொகுத்தவர்கள் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் பாட்டைத் தொடக்கூட ஒரு தமிழாசிரியர் துணிய மாட்டார். அதே ஆசிரியர் அடுத்த பாடவேளையில் சிறுகதையை எடுத்ததும் கூற்றை மறந்து கருவைக் கேட்கிறார். அது செய்யுளின் இலக்கணம், உரைநடைக் கதைக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பார்கள். ஏதென்ஸ் நாடகத்தின் ஆறு கூறுகளையும் ஜெர்மானிய நாடகத்தின் முக்கோணத்தையும் பொருத்தியபோது இந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது?

சொல்பவர் தென்படவே தென்படாத கதைகளும் உண்டே, அவற்றுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். அசோகமித்திரனைக் காட்டித்தான் இதைக் கேட்பார்கள். அடங்கிய நடை, குறுக்கே வராத ஆசிரியர், கேமரா போன்ற பார்வை. 'புலிக்கலைஞன்' ஒரு சினிமாக் கம்பெனி அலுவலகத்தில் நடக்கிறது. அங்கே வேலை பார்க்கிற ஒருவர், தம்மையும் சகாக்களையும் சேர்த்து 'நாங்கள்' என்று சொல்லிக்கொண்டு, டிபன் இடைவேளை எப்போது, எத்தனை நேரம் என்ற விவரத்தோடு ஆரம்பிக்கிறார். செய்ய அதிக வேலையில்லை, யாருக்கும் வாய்ப்புக் கொடுக்கிற அதிகாரமும் இல்லை, வாய்ப்புக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போனவர்கள். டகர் பாயிட் காதர் வந்து அந்த மேசை நாற்காலிகளுக்கு நடுவே புலியாக மாறும்போது, அந்த ஆட்டத்தின் மேன்மையைப் பற்றிச் சொல்ல அவரிடம் சொல் இல்லை. எங்கே தாவினான், எப்படி உறுமினான் என்பதை மட்டும் ஒரு குமாஸ்தாவின் ஒழுங்கோடு சொல்கிறார். அந்த அடக்கம் அசோகமித்திரனின் நடை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அது அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் கையாலாகாத்தனம். பிற்பாடு அவனுக்கு ஒரு வாய்ப்பு வரும்போல இருக்கிறது, அவன் கொடுத்த விலாசத்துக்குக் கடிதம் போடுகிறார்கள், அப்படி ஒருவர் அங்கே இல்லை என்று திரும்பி வருகிறது. அலுவலகத்தை விட்டு வெளியே போகாத அந்த 'நாங்க'ளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், கதையும் அந்த அளவில் நின்றுகொள்கிறது. பட்டறைத் தாளில் இதற்கு நடை: எளிமை, முடிவு: தெளிவாக இல்லை.